மூச்சுக் கட்டை

டோக்கியோவிலிருந்து மேற்கே ஓடும் புல்லட் ரயில்களில் ஆக வேகமானது நொஸொமி. அது ஹமாமட்சுவில் நிற்காது. ஹிகாரி சில வேளை நிற்கும். ஊருக்கு ஊர் நின்று போகும் கொடாமா கட்டாயம் நிற்கும். தூரம் 257 கிலோமீட்டர். வலப்பக்க ஜன்னல் கிடைத்து, வானமும் வெளுத்திருந்தால் ஃபூஜி மலை முழுசாகக் காட்சி தரும். எனக்குத் தந்தது. ஆனால் நான் வாயைப் பிளந்தது மலையைப் பார்த்து அல்ல, இறங்கிய இடத்தில் நின்ற கட்டடத்தைப் பார்த்து.

நிலையத்தை ஒட்டி நிற்கும் ஆக்ட் டவர், 45 மாடி, 212 மீட்டர். ஒரு மவுத் ஆர்கனை எடுத்து நெட்டுக்குத்தாக நிறுத்திய வடிவம். தற்செயலான சாயல் கிடையாது; வேண்டுமென்றே அப்படிக் கட்டியிருக்கிறார்கள். ஒரு ஊர் தன் ஆக உயரமான கட்டடத்தை வாத்தியத்தின் வடிவில் எழுப்பிக்கொள்ளுமா என்று நான் அண்ணாந்து நிற்க, குளிர்காலத்தில் அந்த வட்டாரத்தையே ஆட்டிவைக்கும் வறண்ட காற்று காதுமடலை அறுத்தது. கூட வந்த மொழிபெயர்ப்பாளர் தம்பி மதுரைக்காரர். "அண்ணே, காத்து ஓசியா கெடைக்கிற ஊரு. அதான் ஊதுற சாமானா செஞ்சு தள்ளிட்டாய்ங்க" என்றார்.

நான் வடக்குப்பட்டுக்காரன். 2022-இல் இந்தியத் தொல்லியல் துறை எங்கள் ஊரில் குழி வெட்டியபோது கற்காலக் கோடரிகளும் சுரண்டிகளும் கிடைத்தன. ரோமாபுரியிலிருந்து வந்த மதுஜாடிகளின் ஓடுகளும் கிடைத்தன. அதுவரைக்கும் எங்கள் பக்கத்துக்கு இருந்த பெருமையெல்லாம் கம்பெனிகள்தான். ஒரகடம், வல்லம் வடகால், ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் கார், லாரி, டயர், பைக், செல்போன். நானும் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். அந்த வேலையின் பயிற்சிக்காகத்தான் இந்தக் குளிர்.

வல்லம் வடகாலில் யமஹா பைக் தொழிற்சாலை இருக்கிறது. அந்த பைக்கின் பெட்ரோல் டேங்கில் வட்டத்துக்குள் ஒன்றையொன்று வெட்டி நிற்கும் மூன்று குச்சிகளை நாம் எல்லோரும் பார்த்திருப்போம். பத்தாம் வகுப்பு ஆய்வகத்தில் ரப்பர் கட்டையில் தட்டிக் காதருகே வைத்துக் கேட்ட இசைக்கவைதான் அது. பைக்குக்கு எதற்கு இசைக்கவை என்று ஒரு நாளும் எனக்குக் கேட்கத் தோன்றியதில்லை. பதில் ஹமாமட்சுவில் இருந்தது. அது ஒரு பழுதுபார்த்த கதை; அதனால் எனக்கு இரட்டிப்பாகப் பிடித்துப்போனது.

1887. ஹமாமட்சுத் தொடக்கப் பள்ளியில் அமெரிக்காவிலிருந்து வந்த ரீடு ஆர்கன் ஒன்று ஊமையாகிவிட்டது. மருத்துவக் கருவிகளைப் பழுதுபார்க்க அந்த ஊருக்கு வந்திருந்த டொரகுசு யமஹாவைக் கூப்பிட்டார்கள். திறந்தார், கோளாறைக் கண்டுபிடித்தார், சரிசெய்தார். நம்மில் பெரும்பாலோர் அத்தோடு கூலியை வாங்கிக்கொண்டு கிளம்பியிருப்போம். அவர் உள்ளே இருந்ததையெல்லாம் வரைந்து வைத்துக்கொண்டார். பிறகு கிசபுரோ கவாய் என்ற கைவினைஞரைச் சேர்த்துக்கொண்டு சொந்தமாக ஒரு ஆர்கன் செய்தார். அதை டோக்கியோவின் இசைக் கழகத்தில் காட்ட வேண்டும். இடையில் ரயில் இல்லை. இருவரும் அதைக் காவடிக் கம்பில் கட்டித் தோளில் சுமந்து ஹகோனே மலையைக் கடந்து போனார்கள். ஏறத்தாழ 250 கிலோமீட்டர்.

அங்கே கிடைத்த தீர்ப்பு: வாத்தியத்தின் வடிவம் நன்று, சுருதி சரியில்லை.

இந்த இடத்தை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்திருக்கிறேன். எங்கள் கம்பெனி மொழியில் சொன்னால், பாகம் பார்க்க அழகாக இருக்கிறது, அளவு தவறு, ரிஜெக்ட். அந்தக் கழகத்தின் தலைவர் ஷுஜி இசவா அவரை வெறுங்கையோடு அனுப்பவில்லை. அங்கேயே சுமார் ஒரு மாதம் இசைக் கோட்பாடும் சுருதி சேர்க்கும் முறையும் படிக்கவைத்தார். இசைக்கவையைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தாராம் மனிதர். ஊர் திரும்பி இரண்டாவது ஆர்கனைச் செய்தார், அது தேறியது. அந்தப் பட்டறை வளர்ந்து, பியானோ செய்து, போர்க்காலத்தில் விமானத்துக்கு உந்துவிசிறி செய்து, போர் முடிந்ததும் சும்மா கிடந்த அந்த இயந்திரங்களை வைத்து 1955-இல் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தது. ஜப்பானியர்கள் அதற்குச் 'செந்தும்பி' என்று செல்லப்பெயர் வைத்தார்கள். தென்ரியூ ஆற்றைத் தாண்டினால் இவாதா. அங்கே அந்தச் செந்தும்பியைக் கண்ணாடிபோல் துடைத்து நிறுத்தியிருக்கிறார்கள். சக்கரத்துக்கு முன்னால் சுருதி வந்த கம்பெனி.

நாங்கள் தங்கிய குடியிருப்பின் கீழ்வீட்டில் ஒரு சிறுமி. ஒன்றாவதோ இரண்டாவதோ படிப்பாள். பள்ளிவிட்டு வரும்போது முதுகில் தோல் பை, கையில் இளம்சிவப்பு நிற நீளப்பெட்டி. சாயங்காலமானால் தவளை பற்றிய ஒரு குழந்தைப் பாட்டைத் திரும்பத் திரும்ப வாசிப்பாள். கீபோர்டும் இல்லை, புல்லாங்குழலும் இல்லை. ஆர்மோனியத்துக்குச் சளி பிடித்து, பிறகு சளி விட்டதுபோல ஒரு குரல். மாடியிலிருந்து எட்டிப் பார்த்தேன். மேசைமேல் பியானோ கட்டைகள் உள்ள சின்னப் பலகை. அதிலிருந்து வளைந்து வரும் நீளக் குழாய் அவள் வாயில். இரண்டு கையும் கட்டைமேல், கண் புத்தகத்தில், கன்னம் உப்பி.

அதுதான் மெலோடிகா. ஜெர்மனியின் ஹோனர் கம்பெனி 1950-களின் கடைசியில் அந்தப் பெயரில் கொண்டுவந்தது. 1857-இல் ட்ராஸிங்கன் ஊரில் மத்தியாஸ் ஹோனர் என்ற கடிகாரக்காரர் மவுத் ஆர்கன் செய்யத் தொடங்கி வளர்த்த கம்பெனி அது. ஹமாமட்சுவின் சுசுகி வாத்தியக் கம்பெனி 1961-இல் தன் மெலோடியனை இறக்கியது, யமஹாவுடையது பியானிகா. ஜெர்மனியில் பிறந்தாலும் அது வளர்ந்த வீடு ஜப்பான்தான். ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஏறக்குறைய எல்லோருமே அதை ஊதித்தான் ஸ்வரம் படிக்கிறார்கள். மூன்றாம் வகுப்பில் ரெக்கார்டர் என்ற குழலுக்கு மாறுகிறார்கள். கொரோனா காலத்தில் மூச்சுவிட்டு வாசிப்பதாயிற்றே என்று பள்ளிகள் இதை ஒதுக்கி வைத்தனவாம். குழாயும் ஊதுவாயும் ஒவ்வொரு பிள்ளைக்கும் சொந்தம். பெட்டியில் பெயரெழுதிய சீட்டு ஒட்டியிருக்கும்.

(சுசுகி என்றதும் நான் காரை நினைத்தேன். தம்பி விளக்கினார். கார் சுசுகி வேறு, மெலோடியன் சுசுகி வேறு, வயலின் சுசுகி மூன்றாவது. காரும் மெலோடியனும் மட்டும் ஒரே ஊர். நம்மூரில் சரவணா ஸ்டோர்ஸ் கதை மாதிரி என்று அவரே முடித்துக்கொண்டார்.)

அடுத்த விடுமுறையில் ஆக்ட் டவருக்குப் பக்கத்திலேயே இருக்கும் இசைக்கருவி அருங்காட்சியகத்துக்குப் போனேன். 1995-இல் திறந்தது, அந்த நாட்டில் அரசு சார்பில் அமைந்த முதல் இசைக்கருவி அருங்காட்சியகம். உலகம் முழுக்கத் திரட்டிய வாத்தியங்களில் சுமார் 1,500 பார்வைக்கு இருக்கின்றன. பல கருவிகளுக்குப் பக்கத்தில் ஹெட்ஃபோன் தொங்குகிறது; பார்க்கிற வாத்தியத்தின் குரலையும் கேட்கலாம். கண்ணாடிப் பெட்டிக்குள் பிணமாகக் கிடக்கும் வீணைகளைப் பார்த்துப் பழகிய எனக்கு இது பெரிய காரியமாகப் பட்டது.

அங்கே நான் நகராமல் நின்றது ஷோ என்ற மூங்கில் வாத்தியத்தின் முன். அரண்மனை இசைக்கானது. வட்டமாகக் கட்டிய 17 மூங்கில் குழல்கள். இரண்டு ஊமை, பாக்கி 15-இன் அடியிலும் உலோக ரீடு. ஊதினாலும் ஒலிக்கும், உறிஞ்சினாலும் ஒலிக்கும். எட்டாம் நூற்றாண்டிலேயே ஜப்பானில் இருந்தது. அதற்குத் தாய் சீனத்து ஷெங். லாவோஸில் க்கேன் என்று ஒரு உறவுக்காரன். இந்தக் கிழக்காசிய யோசனைதான் பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பியர் கையில் சிக்கி, மவுத் ஆர்கனாகி, அக்கார்டியனாகி, 1842-இல் பாரிஸில் தெபேன் காப்புரிமை வாங்கிய ஆர்மோனியமாகி, கல்கத்தா வழியாக எங்கள் ஊர் பஜனை கோயில் வரைக்கும் வந்து சேர்ந்தது.

ரீடு வேலை செய்யும் விதம் எளிது. ஒரு தகட்டில் நீளவாக்கில் ஒரு துளை. அதன்மேல், துளையைவிட மயிரிழை சிறியதாக ஒரு உலோக நாக்கு. ஒரு முனை தகட்டோடு அறையப்பட்டிருக்கும், மறுமுனை சுதந்திரம். காற்று தள்ளினால் நாக்கு துளைக்குள் புகும், தன் விறைப்பால் திரும்பும், மறுபடி புகும். நொடிக்கு 440 முறை போய்வந்தால் அது ஆறு கட்டை. நாக்குக்கும் துளைச் சுவருக்கும் நடுவில் உள்ள இடுக்கு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். எங்கள் டிராயிங்கில் இப்படி ஒரு டாலரன்ஸ் வந்தால் ஷாப் ஃப்ளோரில் முணுமுணுப்பு எழும். இங்கே ஏழு வயதுப் பிள்ளை தூக்கிக்கொண்டு ஓடும் பிளாஸ்டிக் பெட்டிக்குள் அப்படி 32 இருக்கின்றன.

ஷோ வாசிப்பவர்கள் வாசிக்குமுன் அதைச் சின்னக் கணப்பின்மேல் சுற்றிச் சுற்றிக் காட்டுவார்கள். மூச்சின் ஈரம் குளிர்ந்த ரீடில் பனித்துளியாகப் படிந்தால் சுருதி இறங்கும், சில சமயம் ஒலியே அடைத்துவிடும். அதனால் முன்கூட்டியே சூடாக்கிவிடுகிறார்கள். அதற்குச் சுருதி சேர்ப்பதே ஈயம் கலந்த மெழுகைப் பொட்டாக ரீடின் நுனியில் வைத்துத்தான். கனம் கூடினால் சுருதி இறங்கும், மெழுகைக் கிள்ளினால் ஏறும். ஆயிரம் வருஷத்துக்கு மேலாக இதே கதை.

எனக்கும் ஒன்று வாங்க ஆசை வந்துவிட்டது. அக்கா மகள் மூன்றாவது படிக்கிறாள், அவளுக்கு என்று சொல்லிக்கொண்டேன். முழுப் பொய்யும் இல்லை.

கடையில் வரிசை வரிசையாக இருந்தன. 32 கட்டை பள்ளிப் பிள்ளைகளுக்கு, விலை ஆறேழாயிரம் யென். 37 கட்டை பெரியவர்களுக்கு. இரண்டுமே கீழே நாலு கட்டையில், அதாவது ஆங்கில எழுத்தில் எஃப் என்பார்களே, அதில் தொடங்குகின்றன. 37-க்கு மேலே கொஞ்சம் கூடுதல் இடம். வெறும் கீழ் ஸ்வரங்களுக்கென்று பேஸ் மெலோடியன் உண்டு. 44 கட்டையோடு உள்ளேயே மைக் பிக்கப் வைத்த ஒன்று, உலோக மூடி போட்ட ஒன்று, முழுக்க மரத்தில் இழைத்த ஒன்று. மரத்தின் விலைச்சீட்டைப் பார்த்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

தேர்ந்தெடுக்க அங்கே கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். நம்மூரில் இணையத்தில் வாங்குகிறவர்களுக்கும் பெட்டி வந்து சேர்ந்ததும் உதவும். முதலில் எந்தக் கட்டையையும் தொடாமல் மெல்ல ஊதிப் பார்க்க வேண்டும். மூச்சு போகவே கூடாது. உஸ் என்று எங்காவது கசிந்தால் அந்தப் பெட்டி வேண்டாம். பிறகு ஆகக் கீழ்க் கட்டையை அழுத்தி, விளக்கை அணைக்காத அளவுக்கு மெல்ல ஊத வேண்டும். நல்ல ரீடு உடனே பேசும். மோசமானது யோசித்துப் பேசும். அதே போல ஆக மேல் கட்டை. பிறகு ஒரே ஸ்வரத்தை இரண்டு ஸ்தாயியில் சேர்த்து அழுத்திக் காது கொடுக்க வேண்டும். ஒலி அசையாமல் நின்றால் சுருதி சேர்ந்திருக்கிறது. வாவ் வாவ் என்று அலையடித்தால் சேரவில்லை. வண்ணம், பெட்டி, இலவசப் பாட்டுப் புத்தகம் இவையெல்லாம் அப்புறம். குறைந்த காசில் என்றால் நான் 37-ஐவிட நல்ல 32-ஐத்தான் சொல்வேன். மேலே கூடும் அந்த ஐந்து கட்டைகள் கீச்சிடும். பாட்டில் அவற்றுக்கு வேலை வருவது அபூர்வம்.

வாசிப்பதில் கீபோர்டு தெரிந்தவர்கள்தான் முதலில் தடுமாறுகிறார்கள். கட்டையை ஓங்கி அடித்தாலும் தொட்டாலும் ஒரே ஒலிதான். பெரிது சிறிதாக்குவது மூச்சு. ஸ்வரங்களைப் பிரித்துக் காட்டுவது நாக்கு. 'து, து' என்று நாக்கால் தட்டியே அந்தச் சிறுமி படித்தாள். மூச்சை எங்கே எடுப்பது என்பது பாடகருக்கு உள்ள அதே பிரச்சினை. சொற்கட்டு உடையாத இடத்தில்தான் எடுக்க வேண்டும். இன்னொரு விஷயம், ஓங்கி ஊதினால் ரீடின் சுருதி கொஞ்சம் இறங்கும். ஆவேசம் கூடக்கூட வாத்தியம் கீழே போகும். வாசித்து முடித்ததும் அடியிலுள்ள பொத்தானை அழுத்தி ஒரு ஊது, எச்சில் வடிந்துவிடும். குழாயைக் கழுவித் தொங்கவிட்டு உலர்த்த வேண்டும். இதைச் செய்யாதவர்கள்தான் பிற்பாடு சுருதி சரியில்லை என்று கடைக்குத் தூக்கி வருகிறார்கள்.

அப்படித் தூக்கி வருபவர்களுக்காக ஒரு சின்னப் பழுதுக் கடை இருந்தது. பெரியவர் ஒருவர், மூக்கு நுனியில் கண்ணாடி. ரீடு வேலையிலேயே தலை நரைத்தவர். தம்பி என்னை அறிமுகப்படுத்தினார்: இந்தியாவிலிருந்து வந்தவர், தரப் பரிசோதகர். 'ஓ' என்று என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே கூப்பிட்டார்.

ஒரு பழைய மெலோடியனின் முதுகுத் திருகுகளைக் கழற்றினார். உள்ளே இரண்டு ரீடுத் தகடுகள், அவற்றைச் சுற்றிக் காற்றுக் கசியாமல் ரப்பர். முதலில் அவர் எதையும் சுரண்டவில்லை. மெல்லிய தூரிகையால் துடைத்தார்; ஒரு ரீடின் இடுக்கிலிருந்து எதையோ எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். பிஸ்கட் துணுக்கு. "பாதி வியாதி தின்பண்டம்" என்று தம்பி மொழிபெயர்த்தார்.

பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கருவியை எடுத்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஃபீலர் கேஜ்! எங்கள் லைனில் இடைவெளி பார்க்க நாள் முழுக்க நான் கையில் வைத்திருக்கிற அதே தகட்டுக் கட்டு. அதில் ஆக மெல்லியதில் ஒன்றைப் பிரித்து ரீடுக்கு அடியில் செருகி, ரீடு அமுங்காதபடி தாங்கக் கொடுத்தார். கூரான சுரண்டியால் ரீடின் நுனியில் ஒரு கீறல். திரும்பப் பூட்டினார், ஊதினார், சுருதி மீட்டரைக் காட்டினார்: ஏறியிருந்தது.

காரணம் எந்தப் பொறியாளருக்கும் உடனே புரியும். நுனியில் உலோகம் குறைந்தால் ஆடுகிற எடை குறைகிறது, வேகம் கூடுகிறது, சுருதி ஏறுகிறது. அறையப்பட்ட அடிப்பக்கத்தில் சுரண்டினால் விறைப்பு தளர்கிறது, சுருதி இறங்குகிறது. ஷோவின் மெழுகுப் பொட்டும் இதே கணக்குதான். ஆனால் கணக்கு தெரிந்தால் போதாது என்பதற்கு அவர் கையே சாட்சி. ஒரு கீறலுக்குமேல் ஒரு தடவையில் போடமாட்டார். சுரண்டிய சூடும் விரல் சூடும் ஆறும்வரை காத்திருந்தார், ஏனென்றால் சூட்டில் உலோகம் இறங்கிப் பேசும், ஆறியதும் ஏறிவிடும். ரீடின் ஓரத்தில் பிசிறு நிற்கக் கூடாது. சுரண்டிய உலோகத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. அரை ஸ்வரத்தை நூறாகப் பகுத்தால் வருவது ஒரு சென்ட். அவர் இரண்டு மூன்று சென்ட்டுக்குள் நிறுத்திவிட்டு, பிறகு மீட்டரை மூடிவைத்துப் பக்கத்துக் கட்டைகளோடு சேர்த்துக் காதால் பார்த்தார். மீட்டர் ஒவ்வொரு ரீடையும் தனித்தனியாகத்தான் கேட்கும் என்றார்.

எங்கள் ஊர்க் குழியில் எடுத்த கற்சுரண்டிகள் ஞாபகத்துக்கு வந்தன. கையில் ஒன்று இருந்திருந்தால் அவரிடம் காட்டியிருப்பேன்.

என் புது மெலோடியனை அவர் மீட்டர்முன் ஊதச் சொன்னார். ஆறு கட்டை 442-இல் நின்றது. உலகத் தரம் 440 அல்லவா என்று கேட்டேன், ஐ.எஸ்.ஓ. தரமே உண்டு. அவர் தலையாட்டினார். இங்கே பியானோ, ஆர்கெஸ்ட்ரா எல்லாமே பெரும்பாலும் 442, பள்ளி வாத்தியமும் அதற்கே, என்றார். பிரான்ஸில் 1859-இல் அரசே 435 என்று சட்டம் போட்டிருந்தது. ஆக, சரியான சுருதி என்று வானத்திலிருந்து எதுவும் இறங்கவில்லை. சேர்ந்து வாசிக்கிறவர்கள் ஒப்புக்கொண்டால் அதுதான் சுருதி. அளவுக்கு மேலே ஒரு எழுத்துகூட நம்பாத வேலையில் இருக்கும் எனக்கு இது கொஞ்சம் கலக்கமாகவும் நிறைய நிம்மதியாகவும் இருந்தது.

இதே பொம்மையை ஜமைக்காவில் அகஸ்டஸ் பாப்லோ என்ற இளைஞர் எடுத்து, 1970-களில் ரெகே இசையில் ஒரு தனிக் குரலாகவே ஆக்கிவிட்டார். பள்ளிப் பெட்டிக்குள் இவ்வளவு துயரம் இருந்ததா என்று அவருடைய பதிவுகளைக் கேட்டால் தோன்றும். அது நீளக் கதை, ஊருக்கு வருகிறேன்.

ஊரில் எனக்கு இரண்டு சோதனைகள் இருந்தன. முதலாவது கமகம். கட்டை வாத்தியத்துக்கு நம் இசையில் இருக்கும் கெட்ட பெயர் தெரிந்ததே. நழுவ முடியாது, அசைய முடியாது என்று சொல்லித்தான் ஆல் இந்தியா ரேடியோ 1940-இல் ஆர்மோனியத்தை வெளியே தள்ளி, 1971 வரை சேர்க்கவில்லை. அப்படி ஒதுக்கிய காலத்திலும் பாடகர்கள் தங்கள் சுருதியை ஒரு கட்டை, ஐந்தரைக் கட்டை என்று ஆர்மோனியக் கட்டையை எண்ணித்தான் சொல்லிக்கொண்டார்கள் என்பது வேறு விஷயம். மெலோடிகாவில் ஒரு சின்ன வழி இருக்கிறது. கட்டையைப் பாதி மட்டும் அழுத்தி ஓங்கி ஊதினால், முக்கியமாகக் கீழ் ஸ்தாயியில், ஸ்வரம் கொஞ்சம் இறங்கி, முழுக்க அழுத்தினால் ஏறி வந்து சேரும். தோடிக்குப் போதாது. மோகனத்தில் ஒரு காந்தாரத்தை வழுக்கி எடுக்கப் போதும்.

இரண்டாவது சோதனை எங்கள் பெரியப்பா. மார்கழியில் விடியுமுன் தெருச் சுற்றும் பஜனைக்கு அவர்தான் ஆர்மோனியம். துண்டால் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஒரு கை துருத்தி, ஒரு கை கட்டை, வாயில் பாட்டு. மெலோடியனை அவர் கையில் கொடுத்தேன். எடை பார்த்தார், சந்தோஷப்பட்டார். ஊதினார், இன்னும் சந்தோஷப்பட்டார். அப்புறம் வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டார்:

"ஏண்டாப்பா, வாயை இது புடிச்சிக்கிச்சின்னா நான் எதால பாடறது?"

ஹமாமட்சு முழுக்கச் சுற்றியும் எனக்கு உறைக்காத விஷயம். ஐரோப்பாவில் நாற்காலியில் உட்கார்ந்து காலால் மிதித்த ஆர்மோனியத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கல்கத்தாவில் துவாரகநாத் கோஷ் போன்றவர்கள் தரையில் வைத்துக் கையால் துருத்தியடிக்கும் பெட்டியாகச் சுருக்கினார்கள். அதை மூச்சால் ஊதும் வாத்தியமாக மாற்ற இங்கே யாருக்கும் தேவைப்படவில்லை. நம்மிடம் வாத்தியம் பாட்டுக்கு வேலைக்காரன். வாய் பாட்டுக்கென்று ஏற்கெனவே பதிவாகிவிட்டது. நாடக மேடையில் கிட்டப்பாவுக்குப் பக்கத்தில் அண்ணன் காசி அய்யர் தனியாக ஆர்மோனியத்தில் உட்கார முடிந்தது. எங்கள் ஊர் பஜனையில் அதற்கு வேறு ஆள் கிடையாது. மெலோடிகா நம்மூரில் காலூன்றாததற்கு விலையோ கமகமோ காரணமில்லை, இதுதான் என்று நினைக்கிறேன்.

அதற்குமேல் சுருதித் தகராறு. அவருடைய பழைய ஆர்மோனியம் 440-க்கும் கீழே. என்னுடையது 442. இரண்டையும் சேர்த்து அழுத்தினால் அலை அலையாக அடித்தது; தெரு நாய் எழுந்து போனது. அவருடைய காந்தாரம் மீட்டர் சொல்வதைவிட இன்னும் இறங்கித்தான் இருந்தது. சமமாகப் பன்னிரண்டாய்ப் பகுத்த கட்டையில் அந்தர காந்தாரம் இயற்கையான இடத்தைவிடச் சுமார் 14 சென்ட் உயர்ந்து நிற்கும். என்றைக்கோ யாரோ காதால் கேட்டு அவருக்கு அதை இறக்கிக் கொடுத்திருக்கிறார்கள். அதைத் தொட யாருக்கும் உரிமை கிடையாது. இறங்க வேண்டியது ஹமாமட்சுதான்.

ஒரகடத்து ஹார்டுவேர் கடையில் ஒரு ஃபீலர் கேஜ் வாங்கினேன். மெலோடியனின் முதுகைத் திறந்தேன். ஒவ்வொரு ரீடாக, அடிப்பக்கத்தில், ஒரு கீறல், ஆறும்வரை காத்திருப்பு, பூட்டு, ஊது. மீட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்; ஆனால் முடிவு சொன்னது பெரியப்பா. அவர் ஆர்மோனியத்தில் கட்டையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும்… இன்னும்… நிறுத்து" என்பார். காந்தாரத்துக்கு மட்டும் கண்ணை மூடிக்கொண்டார். எங்கள் வெயிலில் ரீடில் பனி படியும் தொல்லை இல்லை. மார்கழி விடியலில் மட்டும் சட்டைக்குள் கொஞ்ச நேரம் வைத்துச் சூடாக்கிக்கொள்ளலாம்.

பாடும் சிக்கலை அக்கா மகள்தான் தீர்த்தாள். ஊதுவாயைக் கழற்றிவிட்டு நீளக் குழாயை மாட்டி, அதன் முனையைத் தன் வாயில் வைத்துக்கொண்டாள். பெட்டி பெரியப்பா கழுத்தில். கட்டையும் பாட்டும் அவருடையது, மூச்சு அவளுடையது. பெருமாள் கோயில் திருப்பம் வரைக்கும் அருமையாகப் போயிற்று. அவர் ஆலாபனையை நீட்டவும் அவள் குழாயைத் துப்பிவிட்டாள்.

"தாத்தா, நீங்க பாட்டுக்கு இழுத்துனே போறீங்க. எனக்கு மூச்சு வாங்குது. பல்லவியோட நிறுத்துங்க."

"பல்லவியோட நிறுத்தினா அடுத்த தெருவுக்கு என்னாத்தப் பாடறது?"

"அந்தத் தெருவுக்கு மாமா ஊதுவாரு."

நான்தான் ஊதினேன். சரணம் இரண்டு.